ஜூரி இல்லாத ஊர்

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு யாரெல்லாம் பொது ஊழியர் என்று வரிசைப்படுத்தும். 1860-ஆம் ஆண்டுச் சட்டம் அது. அந்த வரிசையில் ஐந்தாவது இடத்தில் ஜூரர் இருந்தார். பொது ஊழியர் என்பதால் அவருக்கு லஞ்சம் கொடுப்பதும் அவர் அதை வாங்குவதும் குற்றம். வேறொருவன் பெயரில் ஜூரராகப் போய் உட்காருவது 229-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1974 ஏப்ரல் 1-இல் அமலுக்கு வந்தபோது குற்ற வழக்குகளில் ஜூரி விசாரணை இந்த நாட்டில் இல்லாமல் போயிற்று. ஆனால் தண்டனைச் சட்டத்திலிருந்து ஜூரர் எழுந்து போகவில்லை. காலி நாற்காலிக்குக் காவல் போட்டது போல மேலும் 50 ஆண்டுகள் அந்தச் சொல் அங்கேயே இருந்தது. 2024 ஜூலை 1-இல் பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். அஸெஸ்ஸர் என்ற சொல்லை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். குற்ற வழக்குகளில் அஸெஸ்ஸர்கள் உட்காருவது 1955-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடேயே முடிந்துபோன சமாசாரம். இன்றைக்கும் அஸெஸ்ஸராக ஆள்மாறாட்டம் செய்வது குற்றம்.

இந்த நீக்கத்தைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதியதாக நான் பார்க்கவில்லை. எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இல்லாத ஆளுக்கு யார் லஞ்சம் கொடுக்கப் போகிறார்கள்? எனக்கு அந்தச் சொல்லின் மேல் ஒரு ஒட்டுதல் உண்டு. காரணத்தைச் சொல்ல நான் பாகூர்க்காரன் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பாகூருக்கு இந்தியத் தண்டனைச் சட்டம் வந்ததே 1963-இல்தான். அதுவரை எங்களை ஆண்டது 1810-ஆம் ஆண்டுப் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம். 1819-இல் பாண்டிச்சேரியில் அமலாக்கப்பட்டது. அதன் 181, 182 விதிகளை நான் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது படித்தேன். குற்ற வழக்கில் நீதிபதியோ ஜூரரோ, குற்றம் சாட்டப்பட்டவனுக்குச் சாதகமாகவோ பாதகமாகவோ கைநீட்டி வாங்கினால் கடுங்காவலும் அபராதமும் என்கிறது 181. அடுத்த விதி இன்னும் ஒரு அடி மேலே போகிறது. அந்த லஞ்சத்தின் விளைவாக ஒருவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடைத்திருந்தால், அது எந்தத் தண்டனையானாலும் சரி, வாங்கியவனுக்கும் அதே தண்டனை. தூக்கு மேடைக்கு ஒருவனைப் பணம் வாங்கிக்கொண்டு அனுப்பினால் அதே மேடைக்கு நீயும் வா என்பதுதான் இதன் அர்த்தம். ஒரு சாதாரண ஆளின் ஒரு சொல்லுக்கு இவ்வளவு கனத்தை ஏற்றி வைத்த வாசகத்தை நான் அதற்கு முன் எந்தச் சட்டத்திலும் பார்த்ததில்லை.

விதி கப்பலேறி வந்தது. ஜூரி வரவில்லை. 1880-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு ஜூலையில் பிரான்சு தன் பழைய காலனிகளான மார்த்தினிக், குவாதலூப், ரெயூனியோன் தீவுகளுக்கு ஜூரி முறையைக் கொடுத்தது. அதே ஆண்டு மார்ச்சில் பிரெஞ்சிந்தியாவுக்குப் பத்து முனிசிபாலிட்டிகளைக் கொடுத்தது. அந்தப் பத்தில் வில்லியனூரும் பாகூரும் உண்டு. மேர் வந்தார், கொம்யூன் வந்தது, தேர்தல் வந்தது, தேர்தலோடு வரும் சகலமும் வந்தன. ஓட்டுப் போடத் தகுந்தவர்கள் என்று எங்களை மதித்தவர்கள், பக்கத்து ஊர்க்காரன் குற்றவாளியா இல்லையா என்று சொல்லத் தகுந்தவர்கள் என்று மதிக்கவில்லை. பிறகு வந்த இந்தியக் குடியரசும் மதிக்கவில்லை. சட்ட ஆணையம் 1958-இல் தன் 14-ஆம் அறிக்கையில் ஜூரி முறை தோற்றுவிட்டது, எடுத்துவிடலாம் என்று சொன்னது. ஆக எங்கள் பக்கத்துக்கு ஜூரி ஒரு நாளும் வந்ததில்லை. ஜூரருக்கு லஞ்சம் கொடுப்பதைத் தடுக்கும் சட்டம் மட்டும் இரண்டு அரசாங்கங்களின் கீழே, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இருந்தது.

லஞ்சத் தடைச் சட்டத்தை நாம் வழக்கமாக மனிதனின் மேல் உள்ள அவநம்பிக்கையாகப் பார்க்கிறோம். ஜூரர் விஷயத்தில் அது நேர் எதிராக எனக்குத் தோன்றுகிறது. விலை கொடுத்து வாங்கத் தக்க பொருள் ஒன்று அவனிடம் இருப்பதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்தச் சட்டம் எழுதப்பட முடியும். தச்சன், கடைக்காரன், பள்ளிக்கூட வாத்தியார் யாராக இருந்தாலும், அந்தச் சில நாட்களுக்கு அவன் அபிப்ராயம் அரசாங்கத்தின் அபிப்ராயத்தைவிடப் பெரியது. லஞ்சம் கொடுக்கத் தகுதியுள்ளவனாக ஒருவனை ஆக்குவதுகூட ஒரு மரியாதைதான். அந்த மரியாதை கிடைத்த ஒரே ஒருவரை எங்கள் தெருவில் எனக்குத் தெரியும்.

என் சித்தப்பா சொல்தாவாகப் போனவர். பிரெஞ்சு ராணுவத்தில் பணி முடித்து, பாரீஸ் புறநகரில் குடும்பத்தோடு தங்கிவிட்டார். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பாகூர் வருவார். 90-களில் ஒரு முறை வந்தபோது தான் ஜூரராக உட்கார்ந்ததைச் சொன்னார். அங்கே வாக்காளர் பட்டியலிலிருந்து சீட்டு எடுக்கிறார்கள். 23 வயது முடிந்திருக்க வேண்டும், பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கோர்ட்டில் மறுபடி ஒரு சீட்டு. பெயர் கூப்பிட்டதும் எழுந்து நடந்து போக வேண்டும். போய்ச் சேருவதற்குள் வக்கீல் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. நம் கறுப்பு முகத்தைப் பார்த்ததும் எப்படியும் வேண்டாம் என்றுதான் சொல்வான் என்று நினைத்துக்கொண்டே நடந்தாராம். யாரும் சொல்லவில்லை. அப்போதெல்லாம் ஒன்பது ஜூரர்கள், மூன்று நீதிபதிகள். பன்னிரண்டில் எட்டு வாக்கு சேர்ந்தால்தான் குற்றவாளி என்று சொல்ல முடியும். மூன்று நீதிபதிகளும் ஒன்றாக நின்றாலும் ஐந்து ஜூரர்கள் கூட வர வேண்டும்.

சத்தியப் பிரமாணம் செய்விக்கிறார்கள். பகைக்கும் பயத்துக்கும் பாசத்துக்கும் காது கொடுக்க மாட்டேன், தீர்ப்பு முடியும் வரை வழக்கைப் பற்றி வெளியில் யாரிடமும் பேச மாட்டேன் என்கிற மாதிரியான வாசகம். கையை உயர்த்தி ‘ழ லெ ஜூர்’ என்றாராம். சத்தியம் செய்கிறேன் என்று அர்த்தம். ஜூரி என்ற வார்த்தையே அந்த வேரிலிருந்து வந்ததுதான். சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் சித்தியிடம்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ‘சோறு போட்டுட்டு மூஞ்சையே பாத்துக்கிட்டு இருந்தா உன் சித்தி. நான் பேசல’ என்றார். அறைக்குள் யார் என்ன வாக்களித்தார்கள் என்பதை ஆயுசுக்கும் சொல்லக் கூடாது. அவர் ஒரு படி மேலே போய் அது என்ன வழக்கு என்பதையே எங்களிடம் சொல்லவில்லை. அது பகிரங்க விசாரணைதான், சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்றைக்குத் திண்ணையில் இருந்த ஒருவர் கேட்டார்: ‘அது கெடக்கட்டும், எவ்ளோ குடுத்தாங்க?’ எதைக் கேட்கிறார் என்பது எல்லோருக்கும் இரண்டு விதமாகவும் புரிந்தது. சிரித்தோம். சித்தப்பாவும் சிரித்தார். ‘பஸ் சார்ஜும் சாப்பாட்டுப் படியும்’ என்றார். பிறகு சிரிப்பில்லாமல், ‘அங்க யாரும் எங்கிட்ட வந்து பேச முடியாதுரா. வந்தா வர்றவன் உள்ள போவான்’ என்றார். அவர் சொன்னது உண்மை. இன்றைய பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தில் ஜூரருக்கு லஞ்சம் என்றால் பத்து ஆண்டு சிறையும் பத்து லட்சம் யூரோ வரை அபராதமும். ஜூரரை மிரட்டினால் மூன்று ஆண்டு.

இதைச் சொல்லிவிட்டு என் சொந்த வழக்குக்கு வருகிறேன். வழக்கு என்னுடையது இல்லை, நான் சாட்சி. ஏரி வாய்க்கால் மதகில் ஒரு தகராறு. தண்ணீர் முறை யாருக்கு என்பதில் ஒரு கூலிக்காரரைக் கடப்பாரையால் அடித்ததில் அவர் கை முறிந்தது. காலை எட்டு மணி. பார்த்தவர்கள் ஐந்து பேர், நான் மூன்றாவது சாட்சி. வழக்கு பாண்டிச்சேரிக் கோர்ட்டில் விசாரணைக்கு வர நான்கு ஆண்டுகள் ஆயின. சம்மன் வந்த வாரத்தில் உறவுக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். எனக்கு அண்ணன் முறை. வெற்றிலை போட்டுக்கொண்டார். என் பெண்ணின் ஜாதகத்தைப் பற்றி விசாரித்தார், ஒரு நல்ல இடம் இருக்கிறது என்றார். எழுந்து செருப்பை மாட்டும்போது, ‘கோர்ட்டுக்குப் போறியாமே தம்பி? போய்ட்டு வா. பாத்துப் போ’ என்றார். அவ்வளவுதான். அதில் எந்தச் சொல்லை எந்தச் சட்டப்பிரிவில் வைப்பது? பணம் இல்லை, மிரட்டல் இல்லை, வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்கறை மட்டும் இருந்தது. அக்கறை நிஜமானதும்கூட.

நான் பார்த்ததைச் சொன்னேன். மற்ற நால்வரில் ஒருவர் இருட்டாக இருந்தது என்றார். இருவர் அங்கே இல்லவே இல்லை என்றார்கள். ஒருவர் சத்தம்தான் கேட்டது என்றார். கை முறிந்தவரே கூண்டில் ஏறி வரப்பில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. அவர் தினமும் கூலிக்குப் போக வேண்டிய நிலம் அவர்களுடையது. சந்தேகத்தின் பலன் எதிரிக்குப் போயிற்று. காகிதத்தில் இருந்ததை வைத்துப் பார்த்தால் நீதிபதிக்கும் வேறு வழியில்லை. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் சில வீட்டுக் காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் எனக்குப் பத்திரிகை வருவதில்லை. திருவிழா வரி மட்டும் தவறாமல் வசூலிக்கிறார்கள்.

ஜூரி இல்லாத நாட்டில் ஜூரரின் மேல் விழ வேண்டிய அழுத்தம் எல்லாம் சாட்சியின் மேல் இறங்கிவிடுகிறது. நீதிபதி எட்டாத உயரத்தில் இருக்கிறார். சாட்சி எட்டும் தூரத்தில், அடுத்த வீட்டில் இருக்கிறான். காஞ்சிபுரம் சங்கரராமன் கொலை வழக்கை உச்ச நீதிமன்றம் 2005-இல் பாண்டிச்சேரிக்கு மாற்றியது. 189 சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள், 83 பேர் பிறழ் சாட்சிகளானார்கள், 2013 நவம்பரில் எல்லோரும் விடுதலை. அந்த வழக்கில் எது உண்மை, யார் ஏன் மாறினார்கள் என்பதைப் பற்றிச் சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் உரிமையும் இல்லை. அந்த எண்ணை மட்டும் பார்க்கிறேன். ஒரே வழக்கில் 83 பேர் முன்பு ஒன்றும் பின்பு ஒன்றும் சொல்கிற தேசத்தில், சாட்சி என்பவன் யார்? அவன் பொது ஊழியர் இல்லை. சீட்டெடுத்து வந்தவன் இல்லை. யாரும் அவனிடம் பேசக் கூடாது என்று ஊருக்குச் சொல்லப்பட்டதும் இல்லை. சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. அது மிரட்டலிலிருந்து பாதுகாக்கும். ஜாதகத்திலிருந்து எப்படிப் பாதுகாக்கும்?

ஜூரி இருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. 1959-இல் பம்பாயில் நானாவதி வழக்கில் ஒன்பது ஜூரர்களில் எட்டுப் பேர் அவர் குற்றவாளி இல்லை என்றார்கள். அவர்களுக்கு யாரும் பணம் கொடுக்க வேண்டியிருக்கவில்லை; ‘பிளிட்ஸ்’ வாரப்பத்திரிகையும் தெருவும் சேர்ந்து ஒரு கடற்படை வீரனைக் கதாநாயகனாக்கி வைத்திருந்தன. உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது, 1961-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. இலங்கையில் ஜூரி இன்னும் இருக்கிறது. 2006 நவம்பர் 10-இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜின் வழக்கில், சிங்களம் பேசும் ஜூரி 2016 டிசம்பர் 24-இல் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. அதே ஆண்டு ஜூலையில், 1996-ஆம் ஆண்டுக் குமாரபுரம் படுகொலை வழக்கில் அநுராதபுரத்து ஜூரி ஆறு முன்னாள் ராணுவத்தினரை விடுவித்தது. இங்கேயும் காசு கைமாறியதாக யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. வில்லியனூர்த் தேர் வடத்தில் ஆயிரம் கை இருக்கும், எந்தக் கை இழுத்துத் தேர் நகர்ந்தது என்று சொல்ல முடியாது. ஜனங்களின் மனத்தை அசைக்கிற பெரிய சக்திகளெல்லாம் அந்த மாதிரி. லஞ்சம் ஒன்றுதான் எண்ணிப் பார்க்கக் கூடியது, பிடிக்கக் கூடியது. அதனால் சட்டம் அதை மட்டும் பிடிக்கிறது.

மற்றதையும் பிடிக்க முடியுமா என்று நம் பக்கத்தில் ஒரு முயற்சி நடந்திருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு. ஆண்டு 921. வாரியத்துக்குக் குடவோலையில் பெயர் போடும் முன் யார் பெயரைப் போடக் கூடாது என்று சொல்கிறது. கணக்குக் காட்டாதவன் பெயர் கூடாது. அவனோடு நிறுத்தவில்லை. அவன் தாயின் சகோதரிமார் மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடு பிறந்தான், தகப்பனோடு பிறந்தான், மாமனார், மைத்துனன், மருமகன் என்று பட்டியல் நீள்கிறது. பிறகு குடத்தில் கைவிட்டு ஓலை எடுப்பது ஒன்றும் அறியாத ஒரு பாலகன். அது பிராமணச் சபை. காணி நிலமும் வேதமும் உள்ளவர்களுக்கானது. என் முன்னோர் யாருக்கும் அதில் ஓலை இருந்திருக்காது. ஆனாலும் அதை எழுதியவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது. ஊரில் நியாயத்தைக் கெடுப்பது பணப்பை என்பதைவிட உறவுமுறை என்பது தெரிந்திருக்கிறது. உறவைச் சட்டம் போட்டு ஒழிக்க முடியாது, விலக்கி வைக்கத்தான் முடியும் என்பதும் தெரிந்திருக்கிறது. சித்தப்பாவின் கோர்ட்டில் இரண்டு முறை சீட்டெடுத்தது இதற்காகத்தான்.

என்னை விடாமல் தொந்தரவு செய்வது ஒன்று உண்டு. மதகு வழக்கில் மாற்றிச் சொன்ன நால்வரில் இருவர் சித்தப்பாவின் தாயாதிகள். ஒரே தெரு. ஒரே குளத்தில் குளித்து, ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். சித்தப்பா எந்த விதத்திலும் இவர்களைவிடப் பெரிய யோக்கியர் இல்லை; சொத்துப் பிரிவினையில் அவர் செய்ததெல்லாம் எங்கள் குடும்பத்தில் இன்னும் பேச்சாக இருக்கிறது. அப்படியிருக்க, ஒருவர் மனைவியிடம்கூட வாய் திறக்காமல் இருந்தார், மற்றவர் பட்டப்பகலை இருட்டு என்றார். ரத்தத்தில் வித்தியாசம் இல்லை. ஜாதியில் இல்லை. ஒருவரை அழைத்து, எழுந்து நிற்கச் சொல்லி, உன் சொல் கனமானது, அதை யாரும் தொடக் கூடாது, தொட்டால் தொட்டவனையும் உன்னையும் விட மாட்டோம் என்று ஒரு அரசாங்கம் சொன்னது. மற்றவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஜூரி ஜனங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் என்று தொக்வில் 1835-இல் எழுதினார். பள்ளிக்கூடம் கட்டாமலே இந்த ஊரில் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்று முடிவு செய்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிரான்சிலும் அது சுருங்கிக்கொண்டு வருகிறது. 2012 முதல் முதல்கட்ட விசாரணையில் ஒன்பது ஜூரர்கள் ஆறாகிவிட்டார்கள். பதினைந்து, இருபது ஆண்டு தண்டனைக்குரிய குற்றங்களை ஜூரரே இல்லாமல் ஐந்து நீதிபதிகள் விசாரிக்கும் கோர்ட்டுகள் 2023 ஜனவரி முதல் அந்த நாடு முழுவதும் வந்துவிட்டன. செலவும் காலதாமதமும் காரணம் என்கிறார்கள். எல்லா இடத்திலும் இதே காரணம்தான் சொல்லப்படும்.

எங்கள் பிரதேசத்தில் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு நாள், உள்ளூர் ஆட்களைக் கூட்டி வைத்துத் தீர்ப்புக் கேட்டார்கள். 1954 அக்டோபர் 18, வில்லியனூரைச் சேர்ந்த கீழூர். சட்டமன்றத்திலும் முனிசிபாலிட்டிகளிலும் இருந்த 178 பிரதிநிதிகள் ரகசியமாக வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170, எதிராக 8. நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி எல்லாம் முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆயிற்று. ஆண்டுதோறும் அந்தத் தேதியில் கீழூர் நினைவிடத்தில் கொடி ஏற்றுகிறார்கள். அங்கே போகும்போதெல்லாம் நான் 170-ஐப் பற்றி யோசிப்பதில்லை; அந்தப் பக்கம் ஊரே இருந்தது. எட்டுப் பேரைப் பற்றித்தான் யோசிக்கிறேன். அவர்கள் சொன்னது சரி என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர்களும் மற்றவர்களைப் போலவே சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு, எந்தச் சீட்டு யாருடையது என்று தெரியாதபடி வெளியே வந்து, வீட்டுக்குப் போனார்கள். எங்கள் மதகில் பார்த்த நால்வருக்கு அப்படி ஒரு பெட்டி இருந்திருந்தால் உள்ளே என்ன எழுதிப் போட்டிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.